கொரிய ‘இரு சகோதரிகள்’ (2003): தமிழ் சப்டைட்டிலில் அப்பா யாரிடம் பேசுகிறார்?

#1 மொட்டைமாடி

கிம் ஜீ-வூன் இயக்கிய ‘எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்’, கொரியப் பெயர் ‘சாங்ஹ்வா, ஹோங்ரியோன்’. சனிக்கிழமை ராத்திரி பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போட்டுக் காட்டணும். பாதிப் பேருக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் கண்ணுக்குப் பிடிபடாது, தமிழ்ல வேணும். கையில இருக்கிறது இங்கிலீஷ் எஸ்ஆர்டியை (சப்டைட்டில் கோப்பு) மெஷின்ல போட்டு எடுத்த தமிழ். அதுல தங்கச்சி அக்காவைப் பார்த்து “சகோதரி, நீங்கள் நலமா?”ங்கிறா. பேய்ப்படம் காமெடிப் படமாயிடும்.

மூணு விஷயம் தெரியணும். இதையே திருத்தலாமா, இல்ல முதல்லேர்ந்து எழுதணுமா? டிவி, சவுண்ட் எப்படி வைக்கணும்? புதுசாப் பார்க்கிறவங்ககிட்ட முன்கூட்டி எவ்வளவு சொல்லலாம்?

#2 பின்சீட்டு

மூணாவதுக்கு முதல்ல பதில். கதை பத்தி ஒரு வரிகூட வேண்டாம். ஆனா ரெண்டு எச்சரிக்கை கட்டாயம் சொல்லுங்க. படத்துல ஒரு தாயோட தற்கொலை காட்சியாவே வருது, கடைசிக் கால் மணி நேரத்துல. ஒரு குழந்தையோட சாவும் அதே இடத்துல. சமீபத்துல வீட்டுல இழவு விழுந்தவங்க இருந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க. “பேய்ப்படம்தானே”ன்னு வந்து உட்கார்ந்தவங்களுக்கு அந்த இடம் பேயை விட மோசம்.

இதுக்குக் கீழே கதை முழுக்க உடையும். பார்க்காதவங்க இங்கேயே இறங்கிக்கலாம்.

#3 தெருவிளக்கு

திருத்த வேண்டாம், முதலிலிருந்து எழுதுங்கள். காரணம் சொல்கிறேன்.

படத்தின் முடிச்சு இது. மனநல மருத்துவமனையிலிருந்து சூ-மியும் தங்கை சூ-யோனும் வீடு திரும்புகிறார்கள். அங்கே அப்பாவும் மாற்றாந்தாய் உன்-ஜூவும். உண்மையில் வீட்டில் இருப்பது அப்பாவும் சூ-மியும் மட்டுமே. தங்கை முன்பே இறந்துவிட்டாள். நாம் பார்க்கும் மாற்றாந்தாய், சூ-மி தானே பூண்டுகொள்ளும் இன்னொரு ஆள். ஆக நான்கு பேர் வீட்டில் பேசுவதாக நாம் நினைத்தது எல்லாம் இரண்டு பேருக்குள் நடந்தது.

இயக்குநர் இதைக் கடைப்பிடித்திருக்கும் ஒழுங்கு அசாத்தியம். அப்பா ஒரு தடவைகூட சூ-யோனிடம் நேராகப் பேசுவதில்லை. அவர் பேச்சுக்கு எப்போதும் ஒரே ஒரு ஆள்தான் எதிரே. இங்கிலீஷில் ‘யூ’ என்று போட்டால் ஒருமையா பன்மையா என்று தெரியாது, பிழைத்துக்கொள்ளும். மெஷின் அதைத் தமிழாக்கும்போது, அக்காவும் தங்கையும் காட்சியில் இருக்கிறார்கள் என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்ளும்படி “நீங்கள்”, “வாருங்கள்” என்று வந்து விழும். தமிழ் ஆள் எழுதினாலும் இதே தப்பைச் செய்வார், இரண்டு பெண்கள் நிற்பதைப் பார்த்து “ரெண்டு பேரும் உள்ள வாங்க” என்று இயல்பாகப் போட்டுவிடுவார். அந்த ஒரு வரியில் இயக்குநர் இரண்டு மணி நேரம் கட்டியது போச்சு. இரண்டாம் முறை பார்ப்பவர் “அப்பாதான் ரெண்டு பேரையும் கூப்பிட்டாரே” என்று கேட்பார், அவர் கேட்பதும் நியாயம்.

எனவே முதல் விதி: அப்பாவின் வசனம் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வையுங்கள். மகளிடம் பேசுவது அத்தனையும் “நீ, வா, சாப்பிடு”. பன்மை ஒன்றுகூட வரக்கூடாது.

#4 குண்டூசி

அது சரி. அப்பா பொண்டாட்டிகிட்ட பேசுறது? அதுவும் சூ-மிகிட்டத்தானே பேசுறார். ஒரு இடத்துல உன்-ஜூ கையில ரெண்டு மாத்திரை எடுத்துக் குடுக்கிறாரே. முதல் தடவை பார்க்கும்போது ‘ஏதோ தலைவலி மாத்திரை’ன்னு போயிடும். ரெண்டாவது தடவைதான் மகளுக்குக் குடுக்கிற மனநல மருந்துன்னு உறைக்கும். அங்க என்ன போடுவீங்க? “இந்தாடி”ன்னா புருஷன் பேச்சு ஆயிடும். “இந்தா, மாத்திரை போட்டுக்கோ”ன்னா வறட்சியா இருக்கு.

#5 தெருவிளக்கு

“போட்டுக்கோம்மா.”

தமிழில் அப்பா மகளை “என்னம்மா” என்பார். கணவன் மனைவியையும் “என்னம்மா” என்பான். ஒரே விகுதி இரண்டு உறவுக்கும் பொருந்தும். முதல் பார்வையில் அது களைத்துப்போன கணவனின் பரிவு. இரண்டாம் பார்வையில் அப்பா மகளிடம் கெஞ்சுவது. இங்கிலீஷ் சப்டைட்டிலில் இதற்கு வழியே கிடையாது. தமிழில் சும்மா கிடைக்கிறது.

#6 யாழ்தேவி

இதை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். எங்கட பக்கம் மனுசி புருசனை “இஞ்சேரப்பா” எண்டுதான் கூப்பிடுறது. “என்னப்பா செய்யிறியள்” எண்டு மனுசியும் கேப்பா, பிள்ளையும் கேக்கும். இந்தியாவிலயும் “என்னப்பா” எண்டு மனைவி சொல்லுறது இருக்குத்தானே? அப்ப உன்-ஜூ அப்பாவோட கதைக்கிற இடத்தில “ப்பா” போட்டால் மற்றப் பக்கமும் சரி வந்திடும். மனைவி கணவனோட கதைக்கிற மாதிரியும் கேக்கும், மகள் தகப்பனோட கதைக்கிற மாதிரியும் கேக்கும். கொரிய மொழியிலயும் பிள்ளை தகப்பனை “அப்பா” எண்டுதான் கூப்பிடும். காதில விழுறதும் திரையில வாசிக்கிறதும் சில இடத்தில ஒண்டாயிருக்கும்.

#7 குண்டூசி

ஐயோ, மயிர்க்கூச்செறியுது.

#8 பின்சீட்டு

ஒரு நிமிஷம். நல்ல யோசனைதான், ஆனா கை மீறிடாதீங்க. ‘ம்மா’வும் ‘ப்பா’வும் வரிக்கு வரி வந்தா, மூணாவது தடவையிலயே எவனாவது “ஏன் பொண்டாட்டிகிட்ட மகள்கிட்ட பேசுற மாதிரிப் பேசுறான்”னு கண்டுபிடிச்சிடுவான். படம் முழுக்க மொத்தம் நாலு இடம் போதும். மாத்திரை ஒண்ணு. மத்தது அப்பா சலிச்சுப்போய் ஒத்தை வார்த்தையில பதில் சொல்ற இடங்கள்ல. உன்-ஜூ பக்கம் ரெண்டு ‘ப்பா’க்கு மேல வேண்டாம். அவ அந்த வீட்டு எஜமானி மாதிரி மிதப்பாப் பேசுறவ, கொஞ்சிக்கிட்டே இருந்தா அவளா நடிச்ச யம் ஜங்-ஆ நடிப்புக்கும் எழுத்துக்கும் ஒட்டாது.

#9 வசனவரி

கொரியனைக் காதால் கேட்டு எழுதுபவர்கள் விழும் குழி ஒன்று. அக்கா தங்கையைக் கூப்பிடும்போது “சூ-யோனா” என்று கேட்கும். அது பெயர் இல்லை. பெயர் சூ-யோன்தான், கடைசியில் வரும் ‘ஆ’ விளி. பெயர் உயிரெழுத்தில் முடிந்தால் ‘யா’ வரும்: சூ-மி, கூப்பிட்டால் “சூ-மியா”. நம் விளிவேற்றுமை மாதிரியேதான், முருகன் – முருகா. இது தெரியாமல் பெயரையே ‘சூமியா’ என்று படம் முழுக்க எழுதிய சப்டைட்டில்கள் உண்டு. இந்த விளியை வயதில் சின்னவர்களிடமும் நண்பர்களிடமும்தான் போடுவார்கள், பெரியவர்களிடம் போடுவது மரியாதைக் குறைவு. அதனால் தமிழில் “சூ-யோன்!” என்று மொட்டையாக விட்டாலே போதும், தொனி வந்துவிடும்.

தங்கை அக்காவைக் கூப்பிடுவது ‘ஒன்னி’. பெண் தன் அக்காவை அழைக்கும் சொல். தம்பி அழைத்தால் வேறு சொல், ‘நூனா’. தமிழில் இரண்டுக்கும் ‘அக்கா’தான். ‘சகோதரி’யைக் கோப்பு முழுக்கத் தேடித் தூக்குங்கள், ஆனால் ஒரேயடியாக ‘மொத்தமும் மாற்று’ அழுத்தாதீர்கள். இங்கிலீஷ் ‘சிஸ்டர்’ அக்காவுக்கும் உண்டு, தங்கைக்கும் உண்டு. இடம் பார்த்துத்தான் மாற்றவேண்டும்.

மாற்றாந்தாய்க்கு அவர்கள் சொல்வது ‘சே-ஒம்மா’, ‘புது அம்மா’ என்று பொருள்.

#10 குண்டூசி

சித்தின்னு போட்டுடலாமே.

#11 மொட்டைமாடி

சித்தின்னா அம்மாவோட தங்கச்சியும்தானே. உன்-ஜூ செத்துப்போன அம்மாவோட தங்கச்சின்னு நினைச்சுக்க மாட்டாங்களா?

#12 யாழ்தேவி

‘சின்னம்மா’ போட்டாலும் அதே பிரச்சினைதான். ‘மாற்றாந்தாய்’ எண்டு ஒருத்தரும் வாயால சொல்லுறேல்லை, அது புத்தகச் சொல்.

#13 வசனவரி

சித்தியே இருக்கட்டும், ஆனால் இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, முதல் தடவை வரும் இடத்தில் அவள் அப்பாவின் இரண்டாம் மனைவி என்பது பேச்சிலேயே தெரியவேண்டும். இரண்டாவது முக்கியம்: கடைசியில் வரும் பழைய காட்சிகளில் ‘சித்தி’ வரவே கூடாது. அப்போது அம்மா உயிரோடு, நோயாளியாக வீட்டிலேயே இருக்கிறார். உன்-ஜூ நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்த செவிலி. அந்த நேரத்தில் அவளைச் சித்தி என்று எழுதினால் கல்யாணம் முடிந்துவிட்டது என்று ஆகிவிடும், தாய் தொங்கியதற்கான காரணமே அடிபட்டுப்போகும்.

#14 தெருவிளக்கு

இங்கே நாட்டுப்புறக் கதையையும் சொல்லிவிடுவது நல்லது, படத்தின் பாதித் தந்திரம் அதில்தான் இருக்கிறது. சாங்ஹ்வா என்றால் ரோஜா, ஹோங்ரியோன் என்றால் செந்தாமரை. சோசன் அரசுக் காலக் கதை, வடக்கே பியோங்கான் மாகாணம், சொல்சான் ஊர். தாய் இறந்து அப்பா மறுமணம் செய்கிறார். மாற்றாந்தாய் ஓர் எலியைத் தோலுரித்து மூத்தவள் படுக்கையில் போட்டு, ‘கள்ளக் கருவைக் கலைத்துவிட்டாள்’ என்று பழி சுமத்துகிறாள். மூத்தவள் குளத்தில் சாகடிக்கப்படுகிறாள், இளையவளும் அதே குளத்தில் போய்ச் சேருகிறாள். இரண்டு ஆவிகளும் ஊருக்கு வரும் புது நீதிபதியிடம் முறையிடப் போக, வருகிற நீதிபதி எல்லாம் பயத்திலேயே செத்துப்போகிறார்கள். கடைசியில் ஒரு துணிச்சல்காரர் உட்கார்ந்து கேட்கிறார், மாற்றாந்தாய்க்குத் தண்டனை கிடைக்கிறது. அப்பா மூன்றாவது கல்யாணம் செய்துகொள்ள, பெண்கள் இரட்டையராகத் திரும்பப் பிறக்கிறார்கள்.

கொரியாவில் இது குழந்தைக்கும் தெரிந்த கதை. 1924இலேயே மௌனப் படமாக வந்தது, பிறகும் பல தடவை எடுத்தார்கள். ஆகவே 2003இல் தியேட்டருக்குப் போனவர் தலைப்பைப் படித்ததுமே ‘சித்தி கெட்டவள்’ என்று முடிவோடு உட்கார்ந்திருப்பார். கிம் ஜீ-வூன் அந்த முடிவைத்தான் தூண்டில் புழுவாக்குகிறார். நம் ஆட்களுக்குக் கதை தெரியாவிட்டாலும் சித்தி கொடுமை தெரியும், ஆக புழு இங்கேயும் வேலை செய்யும். அவர் எடுத்துப்போட்டது நீதிபதியை. முறையிட இடமில்லாத கதையாக்கிவிட்டார்.

அதனால் மொட்டைமாடி, முன்னுரையாக இந்த நாட்டுப்புறக் கதையைத் தாராளமாகச் சொல்லலாம். அது ரகசியத்தை உடைக்காது. கொரியப் பார்வையாளர் எந்த நினைப்போடு உள்ளே போனாரோ அதே நினைப்பில் உங்கள் ஆட்களையும் உட்கார வைக்கும். 2009 அமெரிக்க மறு ஆக்கம் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள், யாராவது பார்த்திருப்பார்கள்.

#15 மொட்டைமாடி

இது உபயோகம். இப்ப சவுண்டும் படமும்.

#16 டப்பாராடியோ

இது நம்ம ஏரியா. வரிசையாப் பாருங்க.

டிவியில ‘மோஷன்’ன்னு ஆரம்பிக்கிற எல்லாத்தையும் அணைக்கணும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர் வெச்சிருப்பான், வேலை ஒண்ணுதான்: விநாடிக்கு 24 ஃபிரேம் இருக்கிற படத்துக்கு நடுவுல இல்லாத ஃபிரேமை உண்டாக்கிச் செருகுறது. மெதுவா நகர்ற கேமரா சீரியல் மாதிரி வழுக்கும். படுக்கையறையில அந்த உருவம் தரையில ஊர்ந்து வந்து நிமிர்ற இடம் இருக்கே, அது வெட்டி வெட்டி அசையுறதுதான் பயம். மென்மையாக்கிட்டா யாரோ யோகா பண்ற மாதிரி ஆயிடும்.

அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் படத்துக்கு 1.85:1. டிவிக்கு 1.78:1. அதனால மேலயும் கீழயும் விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை தெரியணும். தெரியலைன்னா ஓவர்ஸ்கேன் ஓடுது, நாலு பக்கமும் ஓரம் வெட்டுப்படுது. ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ மாதிரி ஏதாவது இருக்கும், அதை வைங்க. இந்தப் படத்துல முக்கியமானது பாதி ஓரத்துலதான் நிக்கும்.

லேப்டாப்புல இருந்து எச்டிஎம்ஐ போட்டா கறுப்பு அளவைச் சரிபாருங்க. லேப்டாப் 0 முதல் 255 வரை அனுப்பி, டிவி 16 முதல் 235தான்னு எடுத்துக்கிட்டா, 16க்குக் கீழ இருக்கிறது எல்லாம் ஒரே தார்க் கறுப்பா ஒட்டிக்கும். அடுப்படி சிங்க்குக்குக் கீழ என்ன இருக்குன்னே தெரியாது. அலறல் மட்டும் கேட்கும், “என்னாச்சு? என்னாச்சு?”ன்னு பன்னிரண்டு பேரும் கேப்பாங்க. தலைகீழா இருந்தா கறுப்பு சாம்பலாத் தெரியும், பயம் போயிடும். ரெண்டு பக்கமும் ஒரே அளவுல இருக்கணும், அவ்வளவுதான். பிரைட்னஸை ஏத்தி இதைச் சரிபண்ணப் பார்க்காதீங்க.

ரூம்ல முழு இருட்டு வேண்டாம். டிவிக்குப் பின்னால சுவத்தைப் பார்த்து ஒரு சின்ன பல்ப். டியூப்லைட் எரிஞ்சா கண்ணாடியில டியூப்லைட்தான் தெரியும்.

சவுண்ட். இந்தப் படம் குசுகுசுன்னு பேசி, மரத்தரை கிறீச்சிட்டு, திடீர்னு அடிக்கிற படம். 5.1 ஆடியோவை (ஆறு சேனல்) டிவியோட ரெண்டு ஸ்பீக்கருக்கு மடிக்கும்போது நடு சேனல்ல இருக்கிற பேச்சு அமுங்கிடும். பேச்சு கேட்கலைன்னு வால்யூமை ஏத்துவீங்க, அடுத்த அதிர்ச்சியில பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஸ்டீரியோ டிராக் இருந்தா அதையே எடுங்க. ‘நைட் மோட்’, ‘ஆட்டோ வால்யூம்’ ரெண்டும் வேண்டாம். அது அமைதியை இழுத்து மேல ஏத்தி, அதிர்ச்சியை இறக்கி, எல்லாத்தையும் ஒரே சைஸ் இட்லியாக்கிடும். சாப்பாட்டு மேசைக் காட்சியை ஓடவிட்டு, பின்வரிசையில உட்கார்ந்து, பேச்சு சரியாக் கேட்கிற அளவுல வால்யூமை வெச்சிட்டு அப்புறம் ரிமோட்டைத் தொடாதீங்க.

புளூடூத் ஸ்பீக்கர்னா ஒலி பிந்தும். 0.2 விநாடி பிந்தினாலே இந்த மாதிரிப் படம் செத்துச்சு, முகம் வந்த அப்புறம் சத்தம் வரும். விஎல்சி பிளேயர்ல ‘ஜே’ அழுத்தினா ஒலி 50 மில்லி விநாடி முன்னால வரும், ‘கே’ பின்னால தள்ளும். நாலு தடவை ‘ஜே’ அழுத்திப் பாருங்க. ஒயரே போட்டா இந்தத் தலைவலியே இல்ல.

#17 மொட்டைமாடி

சப்டைட்டில் முன்னாடியே ஓடுது. முதல்ல சரியா இருந்து போகப் போக விலகுது.

#18 டப்பாராடியோ

அப்ப அது தள்ளிவைக்கிற கேஸ் இல்ல, வேகம் மாறின கேஸ். ஐரோப்பிய டிவிடிக்கு எழுதின எஸ்ஆர்டி 25 ஃபிரேம் கணக்கு, உங்க வீடியோ 23.976. பத்தாவது நிமிஷத்துல 25 விநாடி முந்தும், ஒரு மணி நேரத்துல ஏறக்குறைய ரெண்டரை நிமிஷம். விஎல்சியில சப்டைட்டிலை நகர்த்துற ‘ஜி’, ‘எச்’ அழுத்தி அழுத்தி விரல்தான் தேயும். ‘சப்டைட்டில் எடிட்’ங்கிற மென்பொருள்ல ஃபிரேம் ரேட் மாத்துற இடத்துல 25ல இருந்து 23.976ன்னு குடுங்க. அப்புறம் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சரிபாருங்க. ரெண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தா மட்டும் மொத்தமா நகர்த்தலாம்.

#19 வசனவரி

தமிழ் எழுத்து விஷயம். கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்குறிகளாக வரும். பென் டிரைவில் போட்டு டிவியிலேயே ஓட்டும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பல டிவிகளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. ‘கொ’ என்பதில் கொம்பு வலப்பக்கம் போய் நிற்கும், ‘கு’ என்பதில் உகரம் தனியாகக் கழன்று விழும். அப்படி வந்தால் எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுவதுதான் வழி. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எஸ்ஆர்டியைச் சேர்த்து, பதிக்கும் பெட்டியில் டிக் போட்டு, முதலில் ஒரு நிமிடத் துண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

வரி நீளம்: இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மென்பொருள் சொல்லும் எழுத்து எண்ணிக்கையைக் கண்டு பயப்படாதீர்கள். ‘சித்தி’ நமக்கு மூன்று எழுத்து, அதன் கணக்கில் ஆறு: ச, இகரக் கொக்கி, த, புள்ளி, த, மறுபடி கொக்கி. வரி நீளம் என்று சிவப்பு காட்டும், உண்மையில் திரையில் பாதிகூட வந்திருக்காது. கண்ணால் படித்துப் பாருங்கள். ஒரு விநாடிக்குக் குறைவாக எந்த வரியும் நிற்கக்கூடாது.

இன்னொன்று, ஆள் யார் என்று கொரியன் சொல்லாமலே விடும், தமிழ் வினைமுற்று விடாது. உன்-ஜூவின் தம்பி மனைவி மி-ஹீ வலிப்பு வந்து விழுந்தபின் காரில் கணவனிடம் சொல்வாளே, சிங்க் அடியில் ஒரு பெண்ணைப் பார்த்தேன் என்று. ‘இருந்தாள்’ என்றால் அறிமுகமான மனுஷி, ‘இருந்தது’ என்றால் பிசாசு என்று முடிவு கட்டியதாகும். பேச்சுத் தமிழில் “ஒரு பொண்ணு இருந்துச்சு” போடுங்கள். சின்னப் பெண்ணைப் பற்றி அப்படித்தான் பேசுவோம், பேயைப் பற்றியும் அப்படித்தான் பேசுவோம்.

#20 குண்டூசி

அந்த மி-ஹீ காட்சிதான் எனக்குப் புரியாத இடம். எல்லாம் சூ-மி மனசுல நடக்கிறதுன்னா, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத மி-ஹீ கண்ணுக்கு எப்படித் தெரியும்?

#21 தெருவிளக்கு

அதனால்தான் ‘எல்லாம் பிரமை’ என்று ஒரே வரியில் மூடக்கூடாது. மூன்று அடுக்கு இருக்கிறது. சூ-மி காணும் தங்கையும் சித்தியும் அவள் மனம் செய்தது. படுக்கையறையில் வரும் உருவம் அவள் தாயைக் கண்ட நினைவின் கெட்ட கனவு. சிங்க் அடியில் இருப்பது மட்டும் வெளியே இருந்து வந்தவருக்கும் தெரிகிறது. கடைசியில் உண்மையான உன்-ஜூ, சூ-மி மறுபடி மருத்துவமனையில் இருக்கும்போது, தனியாக, தாயும் தங்கையும் இறந்த அலமாரி முன் மாட்டிக்கொள்கிறாள். அதை சூ-மி கற்பனை செய்திருக்க முடியாது. வீட்டில் ஒரு நிஜ ஆவி இருக்கிறது.

#22 பின்சீட்டு

எனக்கு அதுல முழுச் சம்மதம் இல்ல. கடைசிக் காட்சி உன்-ஜூவோட குற்ற உணர்ச்சின்னும் படிக்கலாம். மி-ஹீயும் அந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கேள்விப்பட்டவதான். எதிரே உட்கார்ந்த பொண்ணு சித்தி வேஷத்துல “நம்ம சின்ன வயசுல”ன்னு நடக்காத கதையெல்லாம் சொல்லிச் சிரிக்குது, தம்பிக்காரன் ஞாபகம் இல்லைங்கிறான். அந்த மேசையில யாருக்குத்தான் வலிப்பு வராது? ஆனா இதைச் சனிக்கிழமை முடிஞ்சதும் பேசுங்க, மணிக்கணக்கில ஓடும்.

#23 யாழ்தேவி

எனக்குப் பேய் எது எண்டதை விட மாடிப்படி நிலைவாசல்தான் முக்கியம். அலமாரிக்குள்ள தாய் தொங்குறா. இளையவள் பார்த்துப் பிடிச்சு இழுக்க, அலமாரி அவளுக்கு மேல சரியுது. சத்தம் கேட்டு உன்-ஜூ வந்து பார்க்கிறா, பிள்ளை இன்னும் உயிரோட கை அசைக்குது. திரும்பி வெளிய வாறா. திரும்பவும் போவம் எண்டு நினைக்கிற நேரம் சூ-மி எதிர்ல வந்து “இஞ்ச என்ன வேலை” எண்ட மாதிரிச் சண்டை பிடிக்கிறாள். அப்ப உன்-ஜூ சொல்லுற வசனத்தை எப்பிடி மொழிபெயர்க்கிறது? கன சப்டைட்டில்ல “இதுக்காக நீ வருத்தப்படுவாய்” எண்டு சாபம் மாதிரி இருக்கு.

#24 வசனவரி

சாபம் இல்லை, அதுதான் தப்பு. கொரியன் வினை முடிவு ‘ஆனாலும் ஆகலாம், தெரியாது’ என்ற ஐயத்தில் நிற்கிறது. “இந்த நிமிஷத்தை நினைச்சு நீ பின்னால வருத்தப்பட வேண்டி வரலாம். மனசுல வெச்சுக்கோ.” அந்த ‘லாம்’ முக்கியம். ‘வருத்தப்படுவாய்’ என்றால் அவள் முடிவு செய்துவிட்டாள், கொலைகாரி. ‘வரலாம்’ என்றால் வாசல் இன்னும் பாதி திறந்திருக்கிறது. சூ-மி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், “ஏன், என்ன ஆச்சு?” என்று கேட்டிருந்தால் போதும்.

சூ-மி கேட்கவில்லை. உன்னோடு இப்படி எதிரெதிரே நிற்பதை விட வருந்தத்தக்கது வேறு என்ன இருக்கிறது என்று வெட்டிவிடுகிறாள். அங்கே அவள் போடும் சொல் ‘தங்ஷின்’. கொரியனில் கணவன் மனைவி ஒருவரை ஒருவர் அழைக்கும் சொல் அது, அதே சொல்லை அந்நியரிடம் போட்டால் சண்டைக்கு இழுப்பது. செவிலியாக வந்து அப்பாவுக்கு நெருக்கமானவளிடம் ஒரு மகள் அந்தச் சொல்லைப் போடுவது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. தமிழில் இதற்கு நேர்ச்சொல் இல்லை. நான் “நீ” போடமாட்டேன், அது வெறும் கோபம். “உங்களோட” என்று மரியாதையை வைத்தே விலக்குவதுதான் கிட்டே வருகிறது: “உங்களோட இப்படி நிக்கிறதை விடவா?”

#25 குண்டூசி

சூ-மி அதுக்கப்புறம் அந்த வீட்டுல நடக்கிற எல்லாத்துலயும் உன்-ஜூவா மாறுறது இதனாலதானா? தன்னைத் தண்டிக்கிற ஆளாவும் தண்டனை வாங்குற ஆளாவும் தானே இருக்கிறா?

#26 தெருவிளக்கு

ஆமாம். தங்கையை அலமாரியில் பூட்டுகிற சித்தியும் அவள்தான், காப்பாற்ற ஓடிவரும் அக்காவும் அவள்தான். அதற்குத்தான் மூன்று பேருக்கும் ஒரே தேதியில் மாதவிலக்கு என்ற காட்சியை அவ்வளவு சாதாரணமாக நுழைத்திருக்கிறார்கள். அங்கே உன்-ஜூவின் வரியை ஆச்சரியமாக எழுதவேண்டாம். நாப்கின் பெட்டியைக் கொடுத்துக்கொண்டே சொல்கிற பேச்சாக இருக்கட்டும். ஆச்சரியக்குறி போட்டால் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

#27 மொட்டைமாடி

அப்பாவோட வரிகளைத் தனியா எடுத்து ஒருமைக்கு மாத்திட்டேன். பன்மை பதினொண்ணு இருந்துச்சு, எல்லாம் போச்சு. ‘ம்மா’ ரெண்டு இடம், ‘ப்பா’ ஒரு இடம். பழைய காட்சியில ‘சித்தி’ மூணு தூக்கியாச்சு. இன்னொரு சந்தேகம்: கோப்புல [சூ-யோன் அழுகிறாள்], [சோக இசை]ன்னு அடைப்புக்குள்ள நிறைய இருக்கு. எடுத்துடவா?

#28 வசனவரி

காது கேளாதவர் யாராவது வருகிறாரா என்று முதலில் கேளுங்கள். வருகிறார் என்றால் வைத்திருக்கவேண்டும், ஆனால் ஆள் பெயரை எடுத்துவிட்டு [அழுகைச் சத்தம்] என்று மாற்றுங்கள். திரைக்கு வெளியே யார் அழுகிறார்கள் என்று படமே சொல்லாத இடத்தில் சப்டைட்டில் சொல்லிவிடக்கூடாது. யாரும் இல்லை என்றால் சப்டைட்டில் எடிட்டில் அடைப்புக்குறிகளை மொத்தமாக நீக்கும் கருவி இருக்கிறது. நீக்கியபின் வெற்று வரிகள் தங்கிவிடும், அதையும் துடையுங்கள்.

#29 டப்பாராடியோ

வைக்கிறதா இருந்தாலும் கடைசி நடைக்கு மட்டும் எதுவும் வேண்டாம். சண்டை போட்டுட்டு சூ-மி வீட்டை விட்டு வெளிய நடக்கிறா, ஒரு தடவை நின்னு திரும்பிப் பார்க்கிறா, பால்கனியில உன்-ஜூ. மறுபடி நடக்கிறா. உள்ள தங்கச்சி இன்னும் மூச்சு விட்டுக்கிட்டிருக்கா. அங்க லீ பியங்-வூ இசை, அந்தத் துண்டுக்குப் பேரே ‘திரும்ப எடுக்க முடியாத நடை’ங்கிற மாதிரி அர்த்தம். காது கேளாதவர் இருந்தா நடை ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு [இசை], மூணு விநாடி, அப்புறம் திரை சுத்தமா இருக்கணும். பிளேயர்ல ‘படம் முடிந்ததும் அடுத்தது’ அணைச்சிருக்கான்னும் பார்த்துக்கோங்க. பேர் ஓடுற நேரத்துல வேற டிரெய்லர் வந்து குதிச்சா ரிமோட்டைத் தேடுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

#30 மொட்டைமாடி

அணைச்சாச்சு. பல்பு வாங்கத்தான் பாக்கி.